கூப்பிட்டா பஸ்

ஜூன் 2

போர்டு இல்லாத பஸ்ஸை எடுக்கமாட்டேன் என்று ராயப்பன் காலையிலேயே சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். முன்கண்ணாடிக்கு மேலே ஓர் ஊர்ப் பெயர் இருந்தால்தான் அவருக்கு ஸ்டியரிங்கில் கை படியும்.

"எங்க போற பஸ்னு கேட்டா என்ன மேடம் சொல்ல?"

"யார் கூப்பிடுறாங்களோ அங்க போற பஸ்னு சொல்லுங்க."

"அப்பம் அது ஆட்டோல்லா?"

திட்டம் என்னுடையது என்பதால் பொறுமையும் என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும். மறுபடி விளக்கினேன். மலைக்கும் கடலுக்கும் நடுவே மின்சாரக் காற்றாடிகள் நிற்கும் இந்தப் பொட்டலில் சின்னச் சின்ன ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. இங்கே பஸ் விட்டபோதெல்லாம் அது காலியாக ஓடி நின்றுபோயிற்று. அதனால் இந்தப் பஸ்ஸுக்குப் பாதையும் கிடையாது, நேரமும் கிடையாது. வேண்டியவர் போன் செய்து பெயரும் ஊரும் சொல்வார். அலுவலகத்தில் ஜெசிந்தா எடுத்துப் பதிவு செய்வாள். கம்ப்யூட்டர் அன்றைய வழியைப் போட்டு, டிரைவர் முன்னால் இருக்கும் டேப் திரையில் காட்டும். இன்றைய வழி நாளைக்கு இருக்காது.

ஆகஸ்ட் கடைசி வரை சோதனை ஓட்டம். பிடித்துவிட்டால் பஸ் இங்கேயே நிலைக்கும். இல்லாவிட்டால் பஸ் மதுரைக்கும் நான் சென்னைக்கும் திரும்பவேண்டியதுதான்.

உரக்கடை மாடியில் அலுவலகம், அதற்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. அலுவலகச் சுவரில் சேவைப் பகுதியின் வரைபடத்தை ஒட்டினேன். சுருண்டு படுத்த பூனை போல இருக்கிறது. மேற்கே மட்டும் ஒரு மூக்கு நீண்டு, நுனியில் கணவாய்க்கரை என்று ஒரு நிறுத்தம். சென்னையில் என் மேலதிகாரி ரங்கநாதன் சார் போன மாதமே கேட்டார், "அங்கே நாலு வீடுதானே இருக்கு, எதுக்கு அந்த மூக்கு?" பிற்காலத் தேவை சார் என்றேன். அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஜூன் 6

இன்று இரண்டு அழைப்பு. முதலாவது ராங் நம்பர். இரண்டாவதும் அதே ஆள்தான், ராங் நம்பர்தானா என்று உறுதி செய்துகொள்ள.

ஜூன் 9

இந்த ஊரில் துணி காயப்போடுவது தனிக் கலை. கிளிப் போட்டும் காற்று விடவில்லை. என் துண்டு உரக்கடை போர்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கட்டம் போட்ட சட்டையை மட்டும் காற்று ஒன்றும் செய்யவில்லை, நாலு கிளிப் போட்டிருந்தேன். தனியாக இருக்கிற பெண் கொடியில் ஓர் ஆண் சட்டையைத் தொங்கவிடுவது பாதுகாப்பு என்று சொல்வார்கள். அதற்காகத்தான் கொண்டுவந்தேன்.

இட்லி மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. நாளைக்குத் தோசை.

ஜூன் 14

பஸ்ஸோடு நானும் போனேன். பூவன்குளம் விலக்கில் மூன்று பெண்கள் வேப்பமர நிழலில் நின்றிருந்தார்கள். வாழைக்காய் மூட்டை, தூக்குவாளி, ஒரு கைக்குழந்தை. யாரும் போன் செய்யவில்லை. டேப்பில் பூவன்குளமே இல்லை. நான் சொன்னதால்தான் ராயப்பன் நிறுத்தினார்.

"கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தூக்குவாளிக்காரி சொன்னாள், "ஒத்த ஆளுக்கு ஒரு பஸ்ஸக் கூப்பிடவா? நல்லாருக்கே! அவ என்ன பெரிய கலெக்டரு பொண்டாட்டியான்னு ஊரே பேசாதா?"

"நீங்க மூணு பேர் இருக்கீங்களே."

"அது நின்னபொறவு மூணு பேரு. கூப்பிடயில ஒருத்திதானே கூப்பிடணும்?"

இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஊர் ஊராகக் கேள்வித்தாள் கொடுத்தோம். எங்கே போவீர்கள், எப்போது போவீர்கள், எவ்வளவு கொடுப்பீர்கள் என்றெல்லாம் கேட்டோம். வாய் திறந்து கேட்பீர்களா என்று கேட்கவில்லை.

ஜூன் 23

அழைப்பு வர ஆரம்பித்துவிட்டது! ஜெசிந்தாவுக்குக் காதிலிருந்து போனை எடுக்க நேரமில்லை. நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் ஒரு விநோதம். கூப்பிட்டவர் வருவதில்லை. வருபவர் கூப்பிட்டவராக இருப்பதில்லை. பூவன்குளம் இசக்கியம்மாளுக்கு ஒரு சீட் என்று பதிவாகியிருக்கும். பஸ் போய் நிற்கும். வேறொரு பெண் ஏறுவாள்.

"இசக்கியம்மாளா?"

"அவ வரல. வந்த பஸ்ஸ வீணாக்க வேண்டாம்னு நான் ஏறிக்கிட்டேன்."

ராயப்பன் டேப்பில் இசக்கியம்மாளுக்கு 'வரவில்லை' என்று அழுத்திவிட்டு, ஏறியவளைப் புதிய பயணியாகச் சேர்ப்பார். வாரம் முழுக்க இதே கதை. இந்தப் பக்கத்தில் இசக்கி என்ற பெயர் வீட்டுக்கு ஒன்று உண்டு, அதனால் கம்ப்யூட்டர் குழம்புகிறது என்று முடிவு செய்தேன். முடிவு செய்வதில் நான் கெட்டிக்காரி.

ஜூலை 1

நேற்றுச் சாரல். மலையிலிருந்து வருகிற சாரல் இங்கே விழுவதில்லை, கூடவே நடந்துவருகிறது. இன்று வெயில். பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனேன். பாதை இல்லாத பஸ்ஸில் போவது அரைத் தூக்கத்தில் யோசிப்பதற்குச் சமம். இடப்பக்கம் திரும்பும் என்று நினைத்தால் வலப்பக்கம் திரும்புகிறது. பார்த்த குளத்தையே வேறொரு கரையிலிருந்து பார்க்கிறோம். காற்றாடிகளின் நிழல் வரிசையாகப் பஸ் மேல் ஏறி, இருக்கைகள் மேல் நடந்து, இறங்கிப் போகிறது. உள்ளே தூங்கும் குழந்தையின் முகத்தில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுகின்றன. எல்லோரும் எங்கோ போய்க்கொண்டிருந்தோம். எங்கே என்பது ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும்.

எல்லோரும் இறங்கியபிறகு ராயப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மூக்குப் பக்கம் இதுவரைக்கும் போனதே இல்ல மேடம். சும்மா ஓட்டிப் பாக்கட்டா?"

டீசல் வீண் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

கணவாய்க்கரையில் இரண்டு மலைக்கு நடுவே காற்று புகுந்து வருகிறது. நிறுத்தத்துக்கு எதிரே ஓட்டு வீடு, வாசலில் நந்தியாவட்டை, சுவரில் சாய்த்த சைக்கிள். பின் சக்கரத்தில் காற்று இல்லை. நான் இறங்கவில்லை. ராயப்பன் வண்டியைத் திருப்ப ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அத்தனை நேரம் தேவையில்லை, அங்கே இடம் தாராளம்.

அறிக்கையில் 'பிற்காலத் தேவை குறித்து நேரடி ஆய்வு' என்று எழுதினேன்.

ஜூலை 2

சைக்கிளை அப்படி வைத்திருந்தால் டயர் விரிசல் விட்டுவிடும். யாராவது சொல்லக்கூடாதா?

ஜூலை 8

ரங்கநாதன் சார் போன். ஏறுகிறவர்கள் எண்ணிக்கை திருப்தி, ஆனால் 'வரவில்லை' எண்ணிக்கை கேவலம் என்றார். கூப்பிட்டுவிட்டு ஏமாற்றுகிறவர்களுக்காகப் பஸ் ஓட்டமுடியாது, இது குறையாவிட்டால் ஆகஸ்ட் நடுவிலேயே இழுத்து மூடிவிடுவோம் என்றார். "உங்க திட்டத்துலயே தடை விதி இருக்கே, ஏன் போடலை?"

இருக்கிறது. நானே எழுதியது. அடிக்கடி கூப்பிட்டுவிட்டு வராதவரின் பெயரை முடக்கிவிடலாம். இன்று மாலை முடக்கினேன். ஒரு பொத்தான்தான்.

ஜூலை 15

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

பூவன்குளம் இசக்கியம்மாள் இன்று காலை போன் செய்திருக்கிறாள். இதுவரை அந்தப் பெயரில் வந்த குரல்கள் வேறு வேறு என்று ஜெசிந்தா இப்போதுதான் சொல்கிறாள்; இந்த முறை நிஜமாகவே அவள். ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது, இன்னொரு கண்ணிலும் ஆரம்பம். கண்ணாஸ்பத்திரி வேன் ஜங்ஷனுக்கு வந்து, ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு போகும் நாள் இது. கம்ப்யூட்டர் அவள் பெயரை ஏற்கவில்லை. முடக்கப்பட்ட பெயர். ஜெசிந்தா என்னைத் தேடியிருக்கிறாள். நான் சிலிண்டருக்காகக் கேஸ் கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தேன், போனை அறையிலேயே வைத்துவிட்டு.

இசக்கியம்மாள் நடந்து கிளம்பிவிட்டாள். ஆடி பிறக்கும் முன்பே வந்துவிட்ட அந்தக் காற்றில், மண் கண்ணில் அடிக்க, காற்றாடித் தோட்டத்துக்குக் குறுக்கே. அவள் ஜங்ஷன் வந்து சேர்ந்தபோது வேன் போயிருந்தது. அடுத்த வேன் ஆகஸ்ட் கடைசியில்தான்.

நான் ஒரு பொத்தானை அழுத்தினேன், ஒரு பெண்ணின் கண்ணுக்கு வழி அடைபட்டது. வேறு எப்படியும் இதை எழுதமுடியாது. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 16

மன்னிப்புக் கேட்கப் பூவன்குளம் போனேன். திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். அறுபதுக்குள் இருக்கும், உரத்த குரல். பம்பாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவள்.

"வாங்க மேடம். நீங்கதான் எம் பேர அடச்சுப்போட்டவியளா? உக்காருங்க, மோரு தாரேன்."

அவள் பெயரில் அத்தனை பேர் ஏன் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். அவள் அதை ஒரு பெருமையாகவே சொன்னாள்.

"எல்லாவளுக்கும் போகணும். ஒருத்திக்கும் வாயத் தொறக்க வராது. வாசல்ல ஒரு வண்டி வந்து நின்னா, யாருக்கு என்ன ஆச்சுன்னு நாலு வீடு ஓடிவரும். அம்மா வீட்டுக்குப் போறாளா, அடகுக் கடைக்குப் போறாளான்னு பேச்சு. நாந்தான் சொன்னேன், எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிடுங்கட்டின்னு. என்னைய என்ன பேசிருவாவ? நான் பேசாத பேச்சா?"

"பஸ் வந்தா, இசக்கி வரல, வீணாக்க வேண்டாம்னு ஏறிடுவாங்க."

"பின்ன? வலியக் கேட்டு வாங்குன மாதிரி இருக்கக் கூடாதுல்லா."

மோர் குடித்தேன். அவள் ஒரு கையால் கண்ணுக்குப் பக்கத்தில் நிழல் வைத்து என்னை ஆராய்ந்தாள்.

"கழுத்துல கெடக்கு. வீட்டுக்காரரு எங்கன இருக்காவ?"

"கணவாய்க்கரையில. அவங்கப்பாவுக்குப் பக்கவாதம், பாத்துக்கிட வந்தார். நான் சென்னையில வேலை பாத்தேன். மாமா போன வருஷம் தவறிட்டாங்க."

"கணவாய்க்கரையா! இந்தா கூப்பிடு தூரம்லா! வந்து ஒன்றரை மாசமாச்சு, பாக்கப் போனேளா?"

"அவருக்கு வசதிப்பட்டா வருவார்."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லை."

"ஒரு வாட்டி வான்னு கூப்பிடுததுக்கு என்ன?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் தொடையில் தட்டிச் சிரித்தாள். "சரிதான். நீங்களும் எங்க ஊரு பொம்பளதான்."

ஜூலை 22

மாற்றிவிட்டேன். ரங்கநாதன் சாருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

யாருக்காகவும் யாரும் கூப்பிடலாம். பெயர் வேண்டாம், ஊர் போதும். ராயப்பன் யாரிடமும் பெயர் கேட்கமாட்டார். பஸ் வாசலுக்கு வராது. நாலு வீடு பார்க்காதபடி வளைவில், குளக்கரையில், ரேஷன் கடைக்குப் பின்னால் நிற்கும். ஒருவருமே ஏறாமல் திரும்பினால்தான் 'வரவில்லை'. பட்டியலிலிருந்து பெயர் என்ற பத்தியையே எடுத்துவிட்டேன். முடக்கும் பொத்தானையும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் ஜெசிந்தாவுடையது. யார் கூப்பிட்டாலும் இனி, "பஸ் அந்தப் பக்கமாத்தான் வருது, ஏறிக்கிடுங்க" என்கிறாள். அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸும் போவதில்லை. இவள் சொன்ன பிறகுதான் ராயப்பன் வண்டியைத் திருப்புகிறார். ஆனால் கேட்கிறவளுக்கு மனசு லேசாகிவிடுகிறது. தனக்காக யாரும் வரவில்லை, வருகிற பஸ்ஸில் தான் ஏறுகிறாள், அவ்வளவுதான்.

"பொய்தானே?" என்றேன்.

"பஸ் அந்தப் பக்கம் வரத்தானே செய்யுது மேடம்?" என்றாள்.

ஆகஸ்ட் 4

பஸ் நிறைந்து ஓடுகிறது. ராயப்பன் ஒரு போர்டு எழுதி மாட்டிவிட்டார், என்னைக் கேட்காமலே. 'கூப்பிட்டா பஸ்'. எழுத்து கொஞ்சம் கோணல்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் செம்மண் புழுதிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, இங்கே மறைந்து அங்கே தெரிகிறது. எங்கே தெரியும் என்று எனக்கும் தெரியாது. மத்தியானத்தில் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பால் பொங்கி அடுப்பு நாறிவிட்டது.

ஆகஸ்ட் 12

ரங்கநாதன் சார் பாராட்டினார். பெயர்ப் பத்தி இல்லாததற்கு முணுமுணுத்தார், ஆனால் காலியாகத் திரும்பும் பயணமே அரிதாகிவிட்டதால் மேலே பேசவில்லை. நீட்டிப்பு கிட்டத்தட்ட உறுதி. ஒரே ஒரு நிபந்தனை.

"அந்த மூக்கை வெட்டிடுங்க செண்பகவல்லி. ஜூன்லேர்ந்து ஒரு அழைப்புகூட இல்லை. செப்டம்பர் வரைபடத்துல கணவாய்க்கரை வேண்டாம். மாசக் கடைசிக்குள்ள யாராவது கூப்பிட்டாப் பாக்கலாம். இல்லைன்னா எடுத்துடுங்க."

சரி சார் என்றேன். அவர் கேட்டது நியாயம். நானாக இருந்தாலும் வெட்டுவேன்.

ஆகஸ்ட் 13

வெட்டமுடியவில்லை.

அந்த மூக்கை நான் எதற்காக வரைந்தேன் என்பது எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு எதற்காகக் கை தூக்கினேன் என்பதும் தெரியும். என் வீட்டுக்காரர் பிரம்மநாயகம் ஒரு நாள் போன் செய்து, கணவாய்க்கரையிலிருந்து ஒரு சீட் என்று கேட்பார். ஜெசிந்தா பெயரைச் சொல்வாள். நான் ஒன்றும் தெரியாதவள் போல, அப்படியா, வரட்டுமே என்பேன். இதற்காக ஓர் அரசாங்கத் திட்டத்தின் எல்லையையே நீட்டிவைத்திருக்கிறேன். நேராகப் போனை எடுத்து எண்ணை அழுத்தியிருந்தால் மூக்கும் வேண்டாம், பூனையும் வேண்டாம்.

எங்களுக்குள் சண்டை வந்திருந்தால்கூட நல்லது, சமாதானம் ஆகியிருப்போம். அவர், "உனக்கு வேலை இருக்கும்" என்பார். நான், "உங்களுக்கு வசதிப்பட்டா பாருங்க" என்பேன். பண்டிகைக்குப் போன், பிறந்தநாளுக்குப் போன். இருவரும் மரியாதையாகவே பிரிந்துபோய்க்கொண்டிருக்கிறோம். மாமாவின் காரியம் முடிந்த அன்று, இரு என்று அவர் சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். இருக்கட்டுமா என்று நான் கேட்டிருந்தாலும் இருந்திருப்பேன்.

எனக்கு அவரைப் பார்க்கவேண்டும். இதுவரை எங்கேயும் எழுதாததை இங்கே எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 20

மூக்கிலிருந்து அழைப்பு இல்லை. கட்டம் போட்ட சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். நாலு கிளிப் மிச்சம்.

ஆகஸ்ட் 26

இசக்கியம்மாளின் வேன் நாள். வெளிச்சம் வருமுன்பே ஜெசிந்தா வந்துவிட்டாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். போன் வந்தது.

"பூவன்குளத்துக்கு ஒரு சீட்டும்மா. எம் பக்கத்து வீட்டுக்காரிக்கு."

குரல் இசக்கியம்மாளுடையது. ஜெசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டு, "பஸ் அந்தப் பக்கமாத்தான் வருது" என்றாள்.

பஸ் ஜங்ஷனுக்கு வந்தபோது வேன் நின்றுகொண்டிருந்தது. இசக்கியம்மாள் வேனில் ஏறி, யாருக்கென்று தெரியாமல் எல்லாத் திசைக்கும் கையாட்டினாள். நான் அழுதேன். காற்றில் மண் என்று ராயப்பனிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 29

இசக்கியம்மாள் திரும்பிவிட்டாள். கறுப்புக் கண்ணாடி. மாடிப்படி ஏறி வந்து முதலில் என்னை நன்றாகப் பார்த்தாள். "நெனச்சத விடச் செவப்புதான்" என்றாள். பிறகு சுவரில் இருந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

"இதென்ன இங்கன மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கி?"

"கணவாய்க்கரை. திங்கட்கிழமை எடுத்துருவோம்."

"ஏன்?"

"யாரும் கூப்பிடலை."

அவள் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் அது எந்த மாதிரிப் பார்வை என்று எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் 30

ஞாயிறு. இதை எழுதுவது உரக்கடை மாடியில் இல்லை.

காலையில் தோசைக்கல் அடுப்பில் இருந்தபோது ஜெசிந்தா கதவைத் தட்டினாள். முகத்தில் ஓர் அலுவலகக் களை.

"ஒரு அழைப்பு வந்திருக்கு மேடம். இங்கேருந்து கணவாய்க்கரைக்கு ஒரு ஆள். சாயங்காலம் திரும்பி வரவும் ஒரு சீட் போட்டாச்சு."

"யார் கூப்பிட்டது?"

"அதக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"யாருக்கு?"

"பேரும் வேண்டாம்னு சொல்லிட்டீங்களே."

கீழே பஸ் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நிறைய வேலை இருக்கிறது, மாதக் கடைசி அறிக்கை இருக்கிறது என்று சொன்னேன். ஜெசிந்தா போய் அடுப்பை அணைத்தாள். ராயப்பன் கீழேயிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"ஆள் இல்லாம திரும்பினா 'வரவில்லை' ஆயிரும் மேடம். இந்த மாசக் கணக்கு கெட்டுப்போவும். வந்த பஸ்ஸ வீணாக்காதீங்க."

அவருடைய கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. அதற்காக மட்டும்தான் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறியபோது முன்சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு இசக்கியம்மாள், அவளுக்குப் பின்னால் தூக்குவாளிக்காரி, பார்த்துப் பழகிய இன்னும் சில முகங்கள். இன்றைக்கு இவர்களுக்கெல்லாம் எங்கே போகவேண்டியிருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

"யாரு போறா?" என்று இசக்கியம்மாள் கேட்டாள்.

"செண்பகவல்லின்னு ஒருத்தி," என்றேன். "அவ வரல. அதான் நான் ஏறிக்கிட்டேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. காற்றாடிகளின் நிழல் எங்கள் மேல் நடந்துபோயிற்று.

கணவாய்க்கரையில் இறங்கினேன். பஸ் உடனே திரும்பிப் போய்விட்டது, இந்த முறை ராயப்பனுக்கு வண்டியைத் திருப்ப நேரமே எடுக்கவில்லை. ஓட்டு வீட்டு வாசலில் அவர் நின்றார். தலை நன்றாக நரைத்துவிட்டது. கையில் பம்ப். சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்று இருந்தது.

அவர் பம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். காற்று இரைந்தது.

"பஸ் இந்தப் பக்கமா வந்துதா?" என்றார்.

"ஆமா," என்றேன். "இந்தப் பக்கமாத்தான் வந்தது. ஏறிக்கிட்டேன்."

"போன மாசமும் ஒரு நாள் வந்துட்டுத் திரும்பிப் போச்சு. ஜன்னல்ல உன்ன மாதிரி இருந்துது. சைக்கிள எடுத்துட்டு ரெண்டு மூணு வாட்டி கிளம்பினேன். உனக்கு வேலை இருக்கும்னு விட்டுட்டேன்."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீயுந்தான்."

சட்டையைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். "இதத் தேடாத இடமில்ல," என்றார். பிறகு நந்தியாவட்டைச் செடியைப் பார்த்துக்கொண்டு, யாரோ வேறொருவரிடம் சொல்வது போல, "உள்ள வா, செண்பகம்," என்றார்.

வா. அந்தச் சொல்லை எழுதிப் பார்க்கிறேன். எத்தனை சின்னச் சொல்.

ஆகஸ்ட் 31

அறிக்கையை இங்கிருந்தே போனில் சொல்லி ஜெசிந்தாவை அனுப்பச் சொன்னேன். கணவாய்க்கரைக்கு இந்த மாதத்தில் ஒரு பயணம் பதிவாகியிருப்பதால் மூக்கை வெட்டவேண்டியதில்லை.

காலியாகத் திரும்பிய பயணம் இந்த வாரத்தில் ஒன்றே ஒன்று. நேற்று மாலை, கணவாய்க்கரை நிறுத்தம். ராயப்பன் ஹார்ன் அடிக்காமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாராம். ஏறவேண்டியவர் வரவில்லை. பெயர்ப் பத்தியை எடுத்துவிட்டதால் அது யார் என்று ரங்கநாதன் சாருக்குத் தெரியாது.